ஹொக்கிக்காரர் ஆடிய உதைபந்து

மொன்றியல்,
14.05.2006

அன்பின் ஜொய்சிக்கு,

ஆண்டவர் துணையால் நான் சுகம். உமது தலையிடி குறைந்துவிட்டதா?

சந்தையில் என்னோடு மரக்கறிப் பெட்டி இறக்குபவர்களை ஒருவழியாக உதைபந்து விளையாடக் கூட்டிப்போனேன். எல்லாரும் ஐஸ் ஹொக்கி ஆடி வளர்ந்தவர்கள். அதில் ஆட்டத்தை நிறுத்தாமலே நிமிடத்துக்கொருமுறை ஆள் மாறுவார்களாம். அதேபோலப் பந்து உருண்டுகொண்டிருக்கவே இரண்டு அணியும் வெளியே போய் வாங்கில் உட்கார்ந்துவிட்டன; பதிலுக்கு இறங்க வேறு ஆளில்லை. எனக்கு முன்னால் கோல் காப்பாளர் மட்டும், அவரும் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார். அப்படியிருந்தும் வெளியே அடித்தேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். வருகிற கிழமையும் ஆடவேண்டுமாம். நீர் கோட்டோரம் நின்றிருந்தால், "கண் என்ன பிடரியிலையோ?" என்று கத்தியிருப்பீர். இங்கே ஏச ஆளில்லை.

லொறி வந்துவிட்டது. ஞாயிறு தொலைபேசியில் முதலில் அந்த அடிக்கு என்னை ஏசும், மற்றதைப் பிறகு கதைப்போம்.

உமது,
டனிஸ்ரன்