நரம்பு பச்சை

மார்ச் 6
வெண்டையின் குருத்து இலைகள் எல்லாம் வெளுத்துவிட்டன. நரம்பு மட்டும் பச்சை, இடையில் மஞ்சள். அண்ணனுக்குப் பதற்றம். விடிந்ததும் ஓர் இலையைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். உரக்கடைக்காம்.

மார்ச் 7
"வைரஸ், பிடுங்கி எரிச்சிடுங்க" என்றாராம் கடைக்காரர். எந்த இலையைப் பார்த்து? பையில் கசங்கி, கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது வதங்கிச் சுருண்டிருக்கும், நரம்பின் நிறமே தெரிந்திருக்காது! வைரஸ் என்றால் நரம்புதான் முதலில் மஞ்சளாகும். இது நோயே இல்லை, இரும்புச்சத்துக் குறை. அண்ணனிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"அவரு இருபது வருஷமா கடை வெச்சிருக்காரு. உனக்கு என்ன தெரியும்?"

கடை வைத்திருந்தால்? மளிகைக்கடைக்காரர் எல்லாம் சமையல்காரரா?

மார்ச் 8
பிடுங்கிவிட்டான். நான் பல் டாக்டரிடம் போன நேரம் பார்த்து, ஆறு வரிசை. பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகள்! மீதி ஒன்பது வரிசை இருக்கிறது. அதில் கை வைக்கட்டும், அப்புறம் இருக்கு. "இனிமே எங்கிட்ட பேசாதே" என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 9
இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பைத் தண்ணீரில் கரைத்து, எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டு, இலை நனையத் தெளித்தேன். தனியாகத்தான். மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவு வந்ததும் கடைக்காரர் மூஞ்சியில் அந்தத் தாளை விசிறி அடிக்க வேண்டும்.

மார்ச் 13
அண்ணனோடு பேச்சில்லை. அவன் முன்னால் சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்ததோடு சரி.

மார்ச் 17
பச்சை! ஒன்பது வரிசையிலும் குருத்து பச்சை. அண்ணன் வரப்பிலிருந்தே பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. நல்லா வேணும்.

மார்ச் 20
மண் முடிவு வந்தது. இரும்பு போதுமான அளவு இருக்கிறதாம். சுண்ணாம்புதான் அதிகம், அதனால் வேர் இரும்பை எடுக்க முடியவில்லையாம்.

விதைக்கும் முன் சுண்ணாம்பு போட்டது யார்? நான். அமிலம் ஏறிய புளிப்பு மண் என்று நானாகவே முடிவு கட்டி, மூட்டை மூட்டையாக.

தாளை மடித்துப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். சீ, என்ன புத்தி இது?

மார்ச் 21
அண்ணன் பிடுங்கிய இடத்தைக் கொத்திக்கொண்டிருந்தான். தாளை நீட்டினேன்.

"சுண்ணாம்பு போட்டது நான்தாண்ணா. அதனாலதான் எல்லாம்."

நிதானமாகப் படித்தான். "நீ போடறப்பவே சொன்னேனேம்மா, போதும் போதும்னு."

சொன்னானா? எனக்கு ஞாபகமே இல்லை.