மஞ்சள் கூண்டு மருந்து

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்று மஞ்சள் அட்டை மாட்டிய கூண்டைக் கழுவும்போது எலியைத் தாளில் இறக்கிவிட்டேன். நான்கு கால்களின் ஈரத்தடமும் விழுந்தது. இத்தனை நாளும் மூன்றுதான் விழும்.

ஊரில் டாக்டர் சொன்னாரே, உங்கள் கால் கட்டைவிரலில் சேருகிற அதே உப்பைத்தான் இங்கே ஆய்வுக்கூடத்தில் எலிகளின் கணுக்காலில் ஊசியால் ஏற்றுகிறார்கள். பாதி எலிகளுக்கு ஓர் இலையிலிருந்து பிரித்தெடுத்த மருந்து, மீதிக்கு வெறும் தண்ணீர். எந்த நிறத்துக்கு எது என்பது வீக்கத்தை அளக்கிறவர்களுக்கே தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது அப்பா, மஞ்சள்தான் மருந்து! ஆராய்ச்சியை நடத்தும் மேடத்திடம் சொல்ல வாய் வரவில்லை. நீல அட்டைக் கூண்டு எலிகள் முதல் நாளிலிருந்தே துள்ளி ஓடுகின்றன. அவற்றுக்கு ஊசி சரியாக ஏறவில்லைபோல.

கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

உங்கள்
குட்டிம்மா


மார்ச் 13

என் குட்டிம்மாவுக்கு,

எலிக்கு நடக்கிற ராஜ உபசாரம் உன் அப்பனுக்கு இல்லை பார். கட்டைவிரல் தக்காளி மாதிரி இருக்கிறது. தையல் மெஷின் மிதியை இப்போது இடது காலால்தான் அழுத்துகிறேன். தையல் கோணிக்கொண்டு போகிறது. சூப்பர்வைசரிடம் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். நோய் என்று தெரிந்தால் ஊருக்கு மூட்டை கட்டி அனுப்பிவிடுவார் என்று பயம். கம்பெனி டாக்டரிடம் போனாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

நீ ஒன்று செய். அந்த மஞ்சள் கூண்டு மருந்தில் கொஞ்சத்தைக் குப்பியில் ஊற்றி அனுப்பு. யாருக்குத் தெரியப்போகிறது?

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் ஆராய்ச்சி செய்கிறாள் என்று இங்கே எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா


மார்ச் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

எந்த நிறத்துக்கு எது என்று எழுதி மூடி வைத்திருந்த உறையை நேற்றுப் பிரித்தார்கள். மஞ்சளுக்குக் கொடுத்தது வெறும் தண்ணீர்! அந்த வீக்கம் சில நாளில் தானாகவே வடிந்துவிடுமாம். மருந்து நீலத்துக்கு. ஊசி எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் ஏறியிருக்கிறது, நீலத்தில் வீக்கம் எழவே விடாமல் மருந்து அமுக்கிவிட்டது. மேடம் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். நானும் சத்தமாகச் சிரித்துவிட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் கேட்டதை அனுப்பியிருந்தால் தண்ணீரைத்தான் குடித்திருப்பீர்கள்.

அந்தச் சந்தோஷத்தில், நீல மருந்து அப்பாவுக்குக் கொஞ்சம் கிடைக்குமா என்று மேடத்திடம் வாய்விட்டுக் கேட்டேன்.

“எலிக்குக் கேட்ட மருந்து மனுஷனுக்குக் கேக்குமான்னு இன்னும் தெரியாதும்மா. கேக்காட்டிகூடப் பரவாயில்ல, வேற எதையாவது கெடுத்துட்டா? அப்பாவோட நோய்க்கு ஏற்கெனவே நல்ல மருந்து இருக்கு. அங்க போனப்புறம் டாக்டர்கிட்ட காட்டினாரா, இல்லையா?”

இல்லை என்று தலையாட்டினேன். விட்டுவைத்தால் மூட்டே தேய்ந்துபோகும் என்றார். அதற்குப் பிறகு எந்தக் காலால் மிதிப்பீர்கள் அப்பா?

என்மேல் கோபம் வரும், தெரியும். மேடத்தின் மேஜையிலிருந்தே உங்கள் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, கதவில் இடித்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

உங்கள்
குட்டிம்மா