கப்பல் விருந்துக்கு ஒரு கறுப்புக் கவுண்

7 மார்ச் 1993, ஞாயிறு

பூசை முடிந்து வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கஸ்பர் மேசையில் ஒரு புத்தகத்தைப் போட்டார். வழுவழுத்த தாள், முன்பக்கத்தில் வெள்ளைக் கப்பல். இவருடைய காப்புறுதிக் கொம்பனி, நன்றாக வியாபாரம் பிடித்தவர்களை மனைவிமாரோடு நோர்வேக்குக் கூட்டிப் போகிறதாம். ஜூன் மாதம். சவுதாம்ப்டனில் ஏறுவது.

சந்தோஷப்பட்டேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், நன்றாகவே சந்தோஷப்பட்டேன்.

பிறகு ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார். இரண்டு மாலை விருந்துகள் ‘ஃபோர்மல்’. ஆண்களுக்குக் கறுப்பு டின்னர் ஜாக்கெட், போ டை. பெண்களுக்குக் கால் வரை நீண்ட கவுண். அல்லது அவரவர் தேசிய உடை. அந்தக் கடைசிச் சொற்களின் கீழே பேனையால் கோடு இழுத்திருந்தார்.

“உன்ரை சிவப்புக் காஞ்சிபுரம் கிடக்கெல்லே, அதைக் கொண்டு வா. போன நத்தாருக்கு நீ உடுத்து வந்ததை பெல்லமி இண்டைக்கும் கதைக்கிறார்.”

பெல்லமி இவருடைய பெரிய முதலாளி.

“பாப்பம்” என்றேன்.

“பாக்க என்ன கிடக்கு?”

9 மார்ச், செவ்வாய்

பாக்க என்ன கிடக்கு! இரண்டு நாளாக இந்த மூன்று சொல்லும் காதுக்குள் நிற்கிறது.

1974 தை மாதம் மன்னாரிலிருந்து லண்டனில் வந்து இறங்கிய பிள்ளைக்கு இந்த மனிதன் முதலில் சொன்னது என்ன? “சீலையோடை தெருவில இறங்காதை. சனம் பாக்கும். எனக்கு வெக்கம்.” ஒரு மண்ணிறப் பாவாடையும் கோட்டும் அவரே வாங்கி வந்தார். என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகக்கூட இல்லை. அளவு பெரிது. இடுப்பில் ஊசி குத்திக்கொண்டு, வெறுங்காலில் பனிக்காற்றுப் பட, பஸ்ஸுக்கு நின்றேன். அம்மா தந்துவிட்ட சேலைகள் பெட்டிக்குள் கிடந்து மடிப்பு மடிப்பாகக் கிழிந்து போயின.

இப்போது பெல்லமிக்குச் சேலை பிடிக்கிறது. ஆகவே சேலை.

14 மார்ச், ஞாயிறு

சொல்லிவிட்டேன். கவுண் தைக்கப் போகிறேன் என்று.

கத்துவார் என்று நினைத்தேன். சிரித்தார். “உனக்கே? கவுணே?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். கத்தியிருக்கலாம்.

20 மார்ச், சனி

அப்டன் பார்க்கில் மேரிறோஸின் தையல் கடை. எங்கள் கோயில் பங்கில்தான் அவளும், என்னை அக்கா என்பாள். கறுப்புக் கிரேப் துணியை நானே தெரிந்தேன். கையில் எடுத்தால் தண்ணீர் மாதிரி வழிகிறது.

“கழுத்தை அகலமா வெட்டுவம் அக்கா. கை முழங்கைக்குக் கீழ வரட்டும். உங்கடை உயரத்துக்கு வடிவா விழும்.” அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டாள், “அத்தானுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“ஓம் எண்டவரோ?”

“நான் கேக்கேல்லை.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். நாற்பத்தாறு வயது. தோள்கள் இன்னும் நேராகத்தான் நிற்கின்றன. யாரும் சொன்னதில்லை, நானே இன்றைக்குத்தான் கண்டேன்.

3 ஏப்ரல், சனி

வீட்டில் பேச்சு இல்லை. கறி வைத்தேன். தின்றார். அவ்வளவுதான்.

11 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு

கஸ்பரின் தங்கை டொலறஸ் வீட்டில் சாப்பாடு. ஆட்டுக்கறி, இடியப்பம், பத்துப் பதினைந்து பேர். கஸ்பர் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்.

“அண்ணி கப்பலில மேடமாப் போறாவாம்” என்றாள், எல்லாருக்கும் கேட்க. “கவுணாம். கறுப்பாம். இந்த வயசில.”

“எங்கடை அம்மம்மாமார் எல்லாரும் கோயிலுக்குக் கவுணோடைதானே போனவை, டொலறஸ்?” என்றேன்.

“அது அந்தக் காலம். பிள்ளை குட்டி இருந்தா மனுசருக்கு இப்பிடி ஆட நேரம் வராது.”

யாரோ தண்ணீர்ச் செம்பை எடுத்தார்கள். கஸ்பர் ஒரு சொல் சொல்லுவார் என்று பார்த்தேன். அவருடைய பிள்ளையும்தானே அது, இல்லாமல் போன பிள்ளை. அவர் இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டிருந்தார்.

டொலறஸை மன்னிக்கலாம். அவள் எப்போதும் அப்படித்தான். அந்தச் சொதியை மன்னிக்க மாட்டேன்.

24 ஏப்ரல், சனி

கவுண் வந்துவிட்டது. அறையில் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றபோது கஸ்பர் உள்ளே வந்தார்.

“நான் உயிரோடை இருக்கேக்கையே கறுப்பு உடுத்திட்டாய், என்ன?”

எங்கள் ஆட்களில் புருஷன் செத்தால்தான் பெண் கறுப்பு உடுப்பாள். தெரிந்துதான் சொன்னார்.

அவருடைய டின்னர் ஜாக்கெட் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது, கடைக் கவர் கழற்றாமல். அதைக் காட்டினேன். “உங்கடையும் கறுப்புத்தானே. ஆருக்குத் துக்கம் கொண்டாடுறியள்?”

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்பு.

8 மே, சனி

கவுண் அலுமாரியில் இல்லை.

“குடுத்திட்டன்” என்றார், பேப்பரிலிருந்து தலை எடுக்காமல். “எங்கை?” “ஸ்டேஷனடிச் சரிற்றிக் கடையில, தர்மத்துக்கு. ஆரும் ஏழைப்பட்டதுகள் போடட்டும்.”

வீட்டுச் செருப்போடு ஓடினேன். ஃபாரஸ்ட் கேட் தெருவில் சனி மத்தியானச் சனம் முழுக்க என்னைப் பார்த்திருக்கும். கடைக்குள் உயரமான ஒரு பெட்டை அதைத் தன் மேலே பிடித்துக் கண்ணாடி பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். “அது என்னுடையது” என்றேன். மூச்சு வாங்கியது. விசரி, பைத்தியக்காரி என்று நினைத்திருப்பாள். “ஸொறி” என்று உடனே தந்துவிட்டாள். என் உடுப்பை நானே விலை கொடுத்து வாங்கிக்கொண்டு நேரே மேரிறோஸிடம் போனேன். கப்பல் நாள் வரை அங்கேயே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

5 ஜூன், சனி. கப்பல்

காஞ்சிபுரத்தை அவரே மடித்து அவருடைய பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என் பெட்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அறை சின்னது. இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். ஒருவர் நின்றால் மற்றவர் படுக்க வேண்டும்.

கடல் நல்ல அமைதி. வெளியே போய் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

7 ஜூன், திங்கள்

நேற்றைய விருந்தை எழுத வேண்டும்.

குளியலறையிலிருந்து கவுணோடு வெளியே வந்தேன். போ டை கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். “இது எங்கையிருந்து?” என்றார். பிறகு, மெதுவாக, “இதோடை வந்தா நான் உன்னோடை வரமாட்டன்.”

“வராதேங்கோ.”

போய்விட்டார். முதுகில் இழுத்து மூடும் சிப் பாதியில் நின்றது, எனக்கு எட்டவில்லை. நடைபாதையில் அறை துப்புரவாக்கும் பிலிப்பைன்ஸ் பெண் போனாள். அவளைக் கூப்பிட்டேன். இழுத்து விட்டுவிட்டு, தோளில் தட்டி, “பியூட்டிஃபுல், மேடம்” என்றாள். கண் கலங்கிவிட்டது. ஒரு சிப்புக்காக அழுத ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சாப்பாட்டு மண்டபத்தில் எங்கள் மேசைக்குப் போனதும் பெல்லமியின் மனைவி கையைத் தூக்கினாள். “அடடே, சுகமாகிவிட்டதா! கடல் ஒத்துக்கொள்ளாமல் படுத்திருக்கிறீர்கள் என்றாரே உங்கள் கணவர்!”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கஸ்பர் சூப்பைப் பார்த்தார். ஓம், கொஞ்சம் தலைசுற்று என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் காத்திருந்தார். இத்தனை வருஷமும் அப்படித்தானே சொல்லி வந்திருக்கிறேன்.

“எனக்கு ஒரு சுகவீனமும் இல்லை. என் உடுப்பு அவருக்குப் பிடிக்கவில்லை” என்றேன் இங்கிலிஷில்.

பெல்லமி இருமினார். அவர் மனைவி, “நாங்களும் உங்கள் சாரியைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தோம். மேசைக்கு ஒரு நிறம் வந்திருக்கும்” என்றாள்.

மேசைக்கு நிறம். பூச்சாடியா நான்? “பூக்கள் இருக்கின்றனவே” என்றேன், நடுவிலிருந்த சாடியைக் காட்டி. யாரோ ஒருவர் சிரித்தார், உடனே நிறுத்தினார்.

மீன் நன்றாக இருந்தது. தோள் குளிர்ந்தது. ஒரு சால்வை எடுத்து வந்திருக்கலாம்.

9 ஜூன், புதன்

பேனையை இப்போதுதான் எடுக்க முடிந்தது.

காலையில் மேல்தளத்தில் பெல்லமியின் மனைவி எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்தாள். குழந்தையோடு பேசுவது போல ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். கஸ்பர் எல்லாம் சொல்லிவிட்டாராம். எவ்வளவு பொறுமையான மனிதர் என்றாள். தன்னுடைய அக்காவுக்கும் இதே வருத்தம்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றாள். பிறகு கேட்டாள் — மாத்திரைகளை ஒழுங்காக எடுக்கிறீர்களா?

என்ன மாத்திரை?

பிள்ளை தங்காமல் போன நாளிலிருந்து எனக்கு மனம் சரியில்லையாம். திடீர் திடீரென்று இப்படி நடப்பேனாம். அதனால்தான் கறுப்பு உடுப்பாம்.

மாதா! அந்தப் பிள்ளையை எடுத்து — ஒரு இரவுச் சாப்பாட்டு வெட்கத்தை மூடுவதற்கு அந்தப் பிள்ளையை எடுத்தாரே. உயிர்ப்பு ஞாயிறு ஒரு சொல் சொல்ல வாய் வராத மனுசனுக்கு இங்கை வாய் வந்திட்டுது.

அவள் பாவம், நல்ல மனத்தோடுதான் வந்தாள். “நான் மாத்திரை எதுவும் எடுப்பதில்லை” என்றேன். அதைக் கேட்டு அவள் இன்னும் கவலைப்பட்டாள்.

11 ஜூன், வெள்ளி

நேற்று இரண்டாவது விருந்து. மத்தியானம் அறைக்கு வந்தால் சிவப்புக் காஞ்சிபுரம் என் கட்டிலில் விரித்துக் கிடக்கிறது. பிளவுஸ், உள்பாவாடை, எல்லாம் வரிசையாக. கஸ்பர் எதிர்க் கட்டிலில் இருந்தார்.

“மலர்” என்றார். கலியாணம் கட்டிய புதிதில் கூப்பிட்ட பெயர். “இண்டைக்கு மட்டும். கெஞ்சிக் கேக்கிறன். நீ சீலையோடை வந்தா சுகமாகிட்டாய் எண்டு விட்டிடுவினம். எனக்கு வேறை வழி இல்லை.”

“எனக்கு என்ன வருத்தம் எண்டு சொன்னனியள்?”

கட்டிலில் கிடந்த சேலையின் கரையை நீவினார்.

“பிள்ளையைப் பற்றியும் சொன்னனியளோ?”

“ஏதாவது சொல்லத்தானே வேணும்! நீ எல்லாருக்கும் முன்னாலை என்னை அப்பிடிச் செய்துபோட்டு... இருவது வருஷமா இந்த வெள்ளையளுக்கு முன்னாலை நிமிர்ந்து நிக்க நான் பட்ட பாடு உனக்கென்ன தெரியும்?” குரல் உடைந்தது. உண்மையாகவே உடைந்தது. அந்த நேரம் அவர் மேல் இரக்கம் வந்தது. கை சேலை வரைக்கும் போனது. நல்ல பட்டு. அதற்கு என்ன பாவம் செய்யத் தெரியும்?

“சரி” என்றேன். “நான் சீலை உடுக்கிறன். நீங்கள் வேட்டி கட்டுவியளோ? பட்டு வேட்டி, சால்வை. ரெண்டு பேருமாப் போவம். புத்தகத்தில தேசிய உடை எண்டு ஆம்பிளைக்குப் போடேல்லை, ஆனா ஆரும் கடலில தள்ளமாட்டினம்.”

கேலிக்குக் கேட்கவில்லை. ஓம் என்றிருந்தால் உடுத்தியிருப்பேன். சத்தியமாக உடுத்தியிருப்பேன்.

“உனக்கு விசரே? பெல்லமிக்கு முன்னாலை வேட்டியோடையோ? சிரிப்பாங்களடி!”

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவருக்கே கேட்டது. நான் சேலையை மடித்து அவருடைய கட்டிலில் வைத்தேன்.

கவுணைப் போட்டுக்கொண்டு தனியே போனேன். வாசலில் நின்ற பரிசாரகனிடம் வேறு மேசை கேட்டேன். கார்டிஃபிலிருந்து வந்த இரண்டு கிழட்டுச் சகோதரிகளோடு இருத்தினான். அவர்கள் தங்கள் நாய்களைப் பற்றி மட்டும் பேசினார்கள். என் உடுப்பைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கஸ்பர் வரவேயில்லை.

30 ஜூன், புதன்

நான் வேலை செய்யும் லூயிஷாம் நூலகத்தில் கூட இருப்பவளின் வீட்டு மேல் அறை காலியாக இருக்கிறதாம். வேலைக்கு நடந்தே போகலாம். பார்த்தேன். ஜன்னல் பெரிது.

18 ஜூலை, ஞாயிறு

டொலறஸ் போன் பண்ணினாள். “அண்ணையின்ரை மானத்தைக் கப்பலேத்திப்போட்டியள்” என்றாள். அவளுக்கே சிரிப்பு வரவில்லை. வைத்துவிட்டேன்.

31 ஜூலை, சனி

பெட்டிகள் இரண்டு. மேரிறோஸின் புருஷன் தன் வேனில் புது அறைக்குக் கொண்டு வந்து இறக்கினார். நான் வெளிக்கிடும்போது கஸ்பர் முன்னறையில் ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுச் சாவியைக் காட்டி, “திறப்பை எங்கை வைக்க?” என்றேன். “கண்ட இடத்தில வை” என்றார்.

16 ஒக்டோபர், சனி

காலையில் சந்தையில் நல்ல விளைமீன் கிடைத்தது. குழம்பு அடுப்பில் இருக்கும்போது மணி அடித்தது.

கஸ்பர். ஷேவ் எடுக்காத முகம். சேர்ட் கொலர் சரியாகத் தோய்க்கவில்லை. படியில் நின்றுகொண்டு, “உள்ளை வரலாமோ?” என்றார்.

யோசித்தேன். “வாங்கோ” என்றேன்.

கதிரையின் நுனியில் இருந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். பெல்லமி பென்ஷன் எடுத்துவிட்டாராம். டொலறஸுக்கு முழங்கால் நோவாம். வேறு எதையோ சொல்ல வந்தார், இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார். நான் உதவவில்லை.

தேத்தண்ணி வைத்தேன். கோப்பையை எடுத்துக்கொண்டு கேட்டேன், “சீனி போடவோ?”

பத்தொன்பது வருஷம் காலையும் மாலையும் அவருக்குத் தேத்தண்ணி போட்ட கை இது. என்னை நிமிர்ந்து பார்த்தார். விளங்கிவிட்டது.

“ரெண்டு கரண்டி” என்றார், வேற்று வீட்டுக்கு வந்தவர் போல. “கஷ்டமில்லாட்டி.”