தையற்காரர் போட்ட சண்டை

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சமையல்தான் இன்னும் கைவரவில்லை. ஒரு நாள் உப்புக் கரிக்கிறது, ஒரு நாள் சப்பென்று இருக்கிறது.

ஆவணக் காப்பகத்தில் என்னை ஒலிநாடாப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எங்கெங்கிருந்தோ வந்து இந்த ஊரில் குடியேறியவர்களின் பேச்சை முன்பு நாடாவில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவை கெட்டுப்போவதற்குள் கணினியில் ஏற்றுகிறோம்.

துறைமுகத் தெருவில் சில குடும்பங்கள் மட்டும் பேசிய மொழி ஒன்று உண்டு. அதைப் பேச இப்போது மிஞ்சியிருப்பவர் ஒரு வயதான தையற்காரர்தான். நாடாவில் இருப்பதை நமக்குப் புரியும்படி சொல்ல அவரை அழைத்தோம். ஹெட்போனை மாட்டிவிட்டேன். நாடாவில் பேசியது அதே தெருவில் இருந்து எப்போதோ இறந்துபோன ரொட்டிக்கடை அம்மாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், படிப்பறையே திரும்பிப் பார்க்கும்படி தன் மொழியில் கத்த ஆரம்பித்துவிட்டார். பதறிப்போய் நிறுத்தினேன்.

"பின்னே என்ன சார்! அவ மகன் கல்யாணத்துக்குத் தைச்ச கோட்டை நான் கெடுத்துட்டேனாம். அளவெடுத்தப்புறம் அவன் தின்னு பெருத்தா நானா பொறுப்பு?" என்றார்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அவருக்கும் வந்தது. அவருக்கு நிற்கவில்லை. "இந்தப் பேச்சுல என்னைத் திட்டி எத்தனை வருஷமாச்சு" என்றார்.

அவர் பதிலையும் பதிவு செய்யச் சொன்னார் எங்கள் மேலதிகாரி அம்மாள். மைக்கைக் கண்டதும் கிழவருக்கு வாயடைத்துவிட்டது. சுவரோடா பேசுவது என்று எழுந்துவிட்டார். நான் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, என்னோடு சண்டை போடுங்கள் என்றேன். அவர் பேசியதில் எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. 'ம்' கொட்டினேன், இல்லவே இல்லை என்று கையை விரித்தேன். அவ்வளவுதான், சூடு பிடித்துவிட்டது. மத்தியானம் வரை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

கிளம்பும்போது என் சட்டையைப் பார்த்து, பொத்தான் அறுந்திருக்கிறதே, வீட்டில் கவனிக்க மாட்டார்களா என்று கேட்டார். சொல்லி வைக்கிறேன் என்றேன்.

அம்மாவின் அலமாரியை ஒழித்துவிடச் சொன்னாயே. ஒழிக்கலாம். அவசரமில்லை.

நீ போன் செய்யும்போதெல்லாம் மருந்து சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று பதமாகக் கேட்டு வைத்துவிடுகிறாய். குறை சொல்லவில்லை. அடுத்த தடவை மட்டும், ஏன்தான் இப்படி இருக்கிறீர்களோ என்று உன் அம்மாவைப் போல என்னை ஒரு பாட்டம் திட்டிவிட்டு வை, மகளே.

உன் வீடு எப்போதும் ஆள் சத்தத்தோடு இருக்கட்டும்.

உன் அப்பா