பதுளைக்குப் போக ஒரு காரணம்

என் அன்புத் தங்கை செல்வராணிக்கு, வீட்டில் எங்கள் எல்லோருக்கும் ராணியான உனக்கு,

நீ போய் இரண்டு வருடங்கள் முடிந்துவிட்டன. இந்தக் கடிதத்தை எழுதி உன் படத்தின் பின்னால் செருகி வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் பலரும் படிக்கும் இடத்தில் வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. நீ என்னிடம் கேட்டது, முன்பின் தெரியாதவர்கள் படிக்கவேண்டிய ஒரு கடிதத்தைத்தான். அதை நான் உனக்குத் தரவில்லை. அந்தத் தவறை அந்நியர்களின் முன்னிலையிலேயே ஒப்புக்கொள்வது முறை என்று நினைக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்திகள். நீ வேலை செய்த கொமியூனிகேஷன் கடையை மூடிவிட்டார்கள். எல்லோர் கையிலும் இப்போது ஒரு தொலைபேசி இருக்கிறது. நீ உட்கார்ந்திருந்த கண்ணாடிக் கூண்டைக் கழற்றிவிட்டு அங்கே செருப்பு விற்கிறார்கள். உன்னோடு வேலை செய்த சிங்களத் தோழி சமிலாவுக்குக் குருவிட்டையில் கல்யாணம் நடந்தது. எனக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக அழைப்பிதழ் கொடுத்தாள். அம்மா முழங்கால் வலியோடு நடமாடுகிறாள். போர் முடிந்துவிட்டது என்று மே மாதத்தில் வீதியெங்கும் பட்டாசு வெடித்தார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். அப்படி இருக்கச் சொன்னது நான்தான் என்று உனக்குச் சொல்லாமலே தெரியும்.

அப்பா இறந்த பிறகு தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு இரத்தினபுரி நகருக்கு வந்தோமே, அன்றிலிருந்து உன் உலகத்தின் எல்லைகள் என்ன? வாடகை வீடு, கடை, கோயில். மூன்றையும் சேர்த்தாலும் அரைமணி நேர நடைக்குள் அடங்கிவிடும். அந்தக் கூண்டுக்குள் இருந்துகொண்டு நீ குவைத்துக்கும் லெபனானுக்கும் மற்றவர்களின் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தாய். சம்பல் இடிக்கும்போதுகூட அந்த எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பாய். குவைத் 965. சவூதி 966. லெபனான் 961. ஏன் வர இவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டால், "லெபனானுக்குப் போயிட்டு இப்பதானேம்மா வாறேன், தேத்தண்ணி குடுங்க" என்பாய். அம்மா சிரிப்பாள். நானும் சிரித்தேன். அதில் ஒரு முறைப்பாடு இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன்னுடைய நாள். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலைத் தளர்வாகப் பின்னிக்கொண்டு, சமிலாவுடன் பஸ் நிலையத்துக்குப் போவாய். பலூடா குடிப்பதற்கு என்று என்னிடம் சொல்லப்பட்டது. உண்மையில் நீங்கள் இருவரும் பஸ்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு நின்றீர்கள் என்பதும், கண்டக்டர்களிடம் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு என்று விசாரித்தீர்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் கோபப்பட்டேன். அந்த வருடங்களில் பஸ்களில் குண்டு வெடித்தது. ஒரு தமிழ்ப் பெண் பஸ் நிலையத்தில் நின்று நேரம் விசாரித்துக் கொப்பியில் எழுதுவதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்வி தவறானது என்று இப்போதும் சொல்லமாட்டேன். நீயும் மறுக்கவில்லை. கொப்பியில் எழுதுவதை நிறுத்திவிட்டு, மனப்பாடம் செய்துகொண்டு வந்து வீட்டில் எழுதினாய்.

அந்தச் சீஆர் கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. பல ஊர்கள் இருந்தாலும் ஒரே ஒரு பயணத்துக்குத்தான் நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறாய். கொழும்பிலிருந்து வரும் பதுளை பஸ்ஸில் காலையில் ஏறுவது. பலாங்கொடை வரை நிற்கவேண்டி வரலாம், அங்கே சீட் கிடைக்கும். வலது பக்க யன்னல். ஹல்துமுல்லைக்கு மேலே ஏறும்போது கீழே சமவெளி முழுவதும் தெரியுமாம். அப்புத்தளையில் இறங்கி ஒரு தேத்தண்ணி. அங்கிருந்து பதுளைக்கு ரயில், மூன்றாம் வகுப்பு. தெமோதரையில் ரயில் ஒரு வட்டம் சுற்றி, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியாலேயே போகுமாம். பதுளையில் சோறு. திரும்பி வருவது. ஓரத்தில் சிறிய எழுத்தில், "வாசலில் நிற்கக்கூடாது என்பார் அண்ணன். நிற்பேன்" என்று இருக்கிறது.

இருபத்தெட்டு வயதுவரை நீ ரயிலில் ஏறியதில்லை. நம் ஊருக்கு வந்த ரயில் நீ பிறக்கும் முன்பே நின்றுபோயிற்று. ஒரே நாளில் போய்வரக்கூடிய பயணம். இதற்கு ஏன் இத்தனை வருடங்கள் ஆயின?

முதல் காரணம், சோதனைச் சாவடிகளில் காட்டவேண்டிய அடையாள அட்டை. விண்ணப்பத்தில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் கையொப்பம் வேண்டும் என்று நகரத்துக் கிராம சேவகர் சொன்னார். நாங்கள் தோட்டத்தை விட்டுப் போய்விட்டதால் கிராம சேவகரிடம் போகவேண்டும் என்று துரை சொன்னார். இரண்டு மேசைகளுக்கும் இடையில் நான் பல வருடங்கள் கடிதம் எழுதினேன். அந்த வருடங்களுக்குள்தான் போர் நிறுத்தமும் வந்து போனது. வீதிகள் திறந்திருந்தன. சோதனைச் சாவடிகளில் ஆட்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். "இப்ப போயிட்டு வரட்டுமா அண்ணே?" என்று நீ கேட்டபோதெல்லாம், அட்டை வரட்டும் என்றேன். அட்டை வந்தபோது போரும் திரும்பி வந்திருந்தது. தாமதத்தில் ஒரு பகுதி அரசாங்கத்தினுடையது. மற்றப் பகுதி என்னுடையது. அதைப் பிரித்துச் சொல்வது என் கடமை.

அட்டை கிடைத்தும் நான் உன்னை விடவில்லை. கையில் என் கடிதமும் இருக்கவேண்டும் என்றேன். என்னைப் போன்ற ஒரு சட்டத்தரணியின் கடிதம் சோதனைச் சாவடியில் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் சிங்களத்தில் தட்டச்சு செய்த தாளையும் அடியில் இருக்கும் முத்திரையையும் பார்த்துப் பலரைப் போகவிட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு, மரண வீட்டுக்கு, நேர்த்திக்கடனுக்கு, வைத்தியத்துக்கு என்று நம் சனங்களுக்கு எத்தனையோ கடிதங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உனக்கு எழுதத் தடை என்ன என்று நீ கேட்டாய். ஒரு தடையும் இல்லை என்று சொல்லி, அன்று ஞாயிறு பின்னேரம் தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகினேன்.

பெயர், அட்டை இலக்கம், முகவரி எல்லாம் அடித்து முடித்து, பயணத்தின் நோக்கம் என்ற இடத்துக்கு வந்ததும் உன்னைப் பார்த்தேன்.

"சும்மா" என்றாய்.

"சும்மான்னு எழுத முடியாதும்மா."

"சிங்களத்துல அதுக்குச் சொல்லு இருக்கே. நிக்கங். சமிலா அவ மாமா வீட்டுக்கு நிக்கங் போறா, மாத்தறைக்கு நிக்கங் போறா. யாரும் கேக்கல."

"அவளைக் கேக்கமாட்டாங்க. உன்னைக் கேப்பாங்க."

"கேட்டா சொல்றேன்."

"நம்பமாட்டாங்க."

 குரலை உயர்த்தாமல், "நீங்க நம்புறீங்களா அண்ணே?" என்று கேட்டாய்.

ராணி, என் தொழிலில் 'சும்மா' என்ற அந்தச் சொல் எந்த இடத்தில் வரும் என்று உனக்குத் தெரியாது. அது நீதிமன்றக் கூண்டில் நிற்பவர்கள் சொல்லும் பதில். அந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டால், சும்மா நின்றேன் ஐயா என்பார்கள். அந்தப் பதிலை ஏற்று யாரையும் விடுவித்ததை நான் கண்டதில்லை. அதனால் நான் உன்னிடம் ஒரு அண்ணனாகப் பேசுவதை விட்டுவிட்டுக் குறுக்கு விசாரணை செய்தேன். கூட யார் வருகிறார்கள்? பதுளையில் யாரைச் சந்திக்கப்போகிறாய்? கடைக்கு வருகிறவர் யாராவதா? அதையெல்லாம் உன் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"ரயிலைத்தான் சந்திக்கப் போறேன்" என்றாய். "அது ஆம்பளையா பொம்பளையான்னு விசாரிச்சிட்டு வந்து சொல்றேன், எழுதிக்குங்க."

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தது கேட்டது. நான் சிரிக்கவில்லை. நோக்கம் என்ற இடத்தில் 'பதுளையில் வைத்தியப் பரிசோதனைக்காக' என்று அடித்து, முத்திரை குத்தி, கையொப்பமிட்டு நீட்டினேன். பாதுகாப்பான காரணம் என்று விளக்கம் சொன்னேன். நோயாளியை யாரும் அதிகம் கேள்வி கேட்பதில்லை.

நீ நின்றபடியே படித்தாய். என்னைவிட வேகமாகச் சிங்களம் படிப்பவள் நீ. "எனக்கு ஒரு நோயும் இல்லீங்களே அண்ணே" என்றாய். "நான் நல்லாத்தான் இருக்கேன். எழுதுறதா இருந்தா அதை எழுதுங்க." தாளை இரண்டாக மடித்துத் தட்டச்சு இயந்திரத்தின் அடியில் வைத்துவிட்டுத் துணி எடுக்கக் கொல்லைப்புறம் போனாய். அதன் பிறகு நீ கடிதத்தைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிலையத்துக்குப் போவதும் குறைந்தது. நான் நிம்மதி அடைந்தேன். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பூரணமாகாது. உன் ஆசை அடங்கிவிட்டது என்று நான் நிம்மதி அடைந்தேன்.

அந்த வருட மழையில் களுகங்கை பெருகி வீதிக்கு ஏறியது. நீர் வடிந்த பிறகு நீயும் அம்மாவும் கொல்லைப்புறத்துச் சேற்றை வாரிக் கழுவினீர்கள். உன் காலில் ஒரு சிறு வெட்டு இருந்ததாம். சில நாட்களில் காய்ச்சலில் விழுந்தாய். எலிக்காய்ச்சல் என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். அங்கே செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள். பஸ்ஸில் ஆபத்து, ரயிலில் ஆபத்து, தியத்தலாவையில் இராணுவ முகாம் இருக்கிறது, ஆகவே அந்தப் பக்கமே ஆபத்து என்று நான் கணக்கிட்டு வைத்திருந்தேன். நான் பாதுகாப்பானது என்று உறுதியாக நம்பிய வீட்டின் கொல்லைப்புறத்தில் அது உன்னைப் பிடித்தது.

மூன்றாம் நாள், கண்கள் மஞ்சளாக, கட்டில் ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாய். "அண்ணே, அந்த லெட்டர் இப்ப சரியாப் போச்சு." அவ்வளவுதான். நீ கேலியாகச் சொன்னாயா, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாயா? எழுதிய வார்த்தை பலித்துவிடும் என்று நம்புகிறவன் அல்ல நான். ஆனாலும் அந்தத் தாளை இன்னும் கிழிக்கவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

இந்த ஜூன் மாதம் ஒரு வழக்குக்காகப் பலாங்கொடைக்குப் போனேன். வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. வீதிக்கு வந்தபோது பதுளை பஸ் நின்றது. யோசிக்காமல் ஏறினேன், வலது பக்க யன்னல் கிடைத்தது. ஹல்துமுல்லைக்கு மேலே நீ எழுதியது உண்மைதான். கீழே தெற்குப் பக்கம் முழுவதும் நீல நிறத்தில் கிடந்தது. நான் அதைச் சரியாகப் பார்த்து முடிக்கும் முன் பஸ்ஸை நிறுத்தினார்கள். போர் முடிந்தாலும் சாவடி அங்கேயே இருந்தது. ஒரு இளம் சிப்பாய் என் அட்டையை வாங்கி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். பதுளைக்கு என்றேன். "மொகடத?" என்றான். எதற்கு?

அவன் மிரட்டவில்லை. வெயிலில் நின்று களைத்திருந்தான். என்ன சொல்லியிருந்தாலும் விட்டிருப்பான். உன்னுடைய அந்த ஒரு சொல் என் வாயில் இருந்தது. "வழக்கு ஒன்றுக்கு" என்று சொன்னேன். என் கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பித் தந்தான்.

அப்புத்தளையில் இறங்கித் தேத்தண்ணி குடித்தேன். ரயில் ஊதும் சத்தம் கேட்டது. பொய் சொன்ன வாயோடு உன் ரயிலில் ஏற எனக்கு மனம் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். உன்னைத்தான் நான் அடைத்து வைத்திருந்தேன் என்று இரண்டு வருடங்களாக வருந்திக்கொண்டிருந்தேன். அன்று அந்த யன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான், உன்னை நிறுத்திய கதவுக்கு இந்தப் பக்கத்தில் நானும் இருக்கிறேன் என்று தெரிந்தது. காரணம் இல்லாமல் நான் எங்கே போயிருக்கிறேன்? எப்போது?

போன வாரம் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருகிற பௌர்ணமிப் போயா விடுமுறைக்குப் பதுளைக்குப் போகப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"எதுக்கு தம்பி?"

கொப்பியை மூடினேன். "சும்மாதாம்மா" என்றேன்.

அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். யார் கூட வருகிறார்கள், யாரைச் சந்திக்கப்போகிறாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப நானும் வாறேன்" என்றாள்.

ஆகவே, ராணி, நீ கேட்ட கடிதத்தை இப்போது எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட எல்லோரும் படிக்கட்டும். செல்வராணி என் தங்கை. அவளுக்கு ஒரு நோயும் இருக்கவில்லை. அவள் எவரையும் சந்திக்கப் புறப்படவில்லை. இரத்தினபுரியிலிருந்து பதுளைக்குப் போய் வர விரும்பினாள். பயணத்தின் நோக்கம், சும்மா. அவள் சொன்னதை நான் நம்புகிறேன்.

வலது பக்க யன்னலை அம்மாவுக்குக் கொடுப்பேன். யார் கேட்டாலும் நிக்கங் என்று சொல்வேன். இரண்டாம் முறை கேட்டாலும் அதையே சொல்வேன். தெமோதரையில் ரயில் வட்டம் சுற்றும்போது வாசலில் நிற்பேன். கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டுதான், அதற்கு நீ சிரிக்கக்கூடாது. இது என் வாக்கு.

முத்திரை குத்தாமல் கையொப்பமிடும்,
உன் அண்ணன்.