நெத்திலி முள் குத்திய விரல்

என்னங்க,

வேலை முடிஞ்சு வந்ததும் சாப்பிடுங்க. நெத்திலி சம்பல் மூடி வெச்சிருக்கேன். காலையில நெத்திலித் தலையைக் கிள்ளும்போது வலது கட்டைவிரல்ல முள்ளு குத்துச்சு. வலிச்சுதுங்க! தோட்டத்துல ரப்பர் பால் மரம் வெட்டி வெட்டி மரத்துப்போன விரலு, ஆறு மாசமா நெருப்பு பட்டாலும் தெரியாத விரலு! ஆஸ்பத்திரி மெஷின்ல மணிக்கட்டு நரம்புக்குக் கரண்டு வெச்சது வேலை செய்யுது லா. அதைச் சொல்லத்தான் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு முதல் பஸ்ஸிலேயே ஓடுறேன்.

போன வாரம் என் விரலு துள்ளினதைப் பாத்துப் பயந்து, "பொண்டாட்டியைக் கொல்றீங்களா?"ன்னு மெஷின் பிளக்கைப் பிடுங்கினீங்களே, கரண்டு வெச்ச நர்ஸம்மா இன்னும் சிரிக்குது. நான்தான் மூணு நாளா உங்ககூடப் பேசல.

செல்லாயி

எழுத்து கோணலா இருந்தாலும் வலது கையில எழுதினதுங்க.

வியாழக்கிழமை மறுபடி கரண்டு வெக்கிறாங்க, நீங்களும் கூட வாங்க. பிளக்கை விட்டுத் தள்ளி உக்காருங்க.