பெடலைக் கழற்றாதே

தம்பி,

சாப்பாடு அடுப்பின்மேல் மூடி வைத்திருக்கிறேன். நீ செய்த அந்தக் கிடார் பெடலை மறுபடி கழற்றாதே. டயோடை மாற்றி மாற்றிப் பற்றவைத்தது போதும். கிடாரில் மீட்டுகிற சுரத்தோடு அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலேயும் சேர்ந்து கரகரவென்று வர வேண்டும் என்றாய். வருகிறது. கீழ்வீட்டுக்காரிகூட, "என்னடி, உன் தம்பி கிடாருக்குள்ள கொசுவ அடைச்சு வச்சிருக்கானா?" என்று கேட்டாள். அந்தக் கொசுதான் நீ தேடுகிற சத்தம். எங்களுக்குக் கேட்கிறது. உனக்குத்தான் கேட்கவில்லை.

நேற்றுக் காலையில் இதைச் சொன்னதற்குத்தான் "பொய் சொல்ற" என்று ஸ்க்ரூடிரைவரை வீசினாய். தகடு அடிக்கும் பட்டறையில் இத்தனை வருஷம் நின்ற காது வேறெப்படி இருக்கும்? அப்பாவும் அங்கே நின்றவர்தான். கடைசிவரை ரேடியோதான் பழுது என்று அதைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாளைக்கு டாக்டரிடம் போவோம். போன காது திரும்பும் என்று ஆசை காட்ட மாட்டேன். மிச்சத்தையாவது காப்பாற்றப் பார்க்கலாம்.

அக்கா

மறந்துவிட்டேன்: கதவை உள்ளே தாழ்ப்பாள் போடாதே. நேற்று சாயங்காலம் வெகுநேரம் தட்டினேன். கோபத்தில் திறக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். கோபமாகவே இருந்திருக்கக் கூடாதா.